பிரைவேட் ட்ராக்கர் போடப் போறீங்களா பாண்டி மக்களே? முதல்ல இதைப் படிங்க!

பொது டோரன்ட் தளங்களை ஒவ்வொன்றாக பிளாக் செய்யச் செய்ய, "நாமளே நம்ம ஆளுங்களுக்கு மட்டும் ஒண்ணு ஆரம்பிச்சா என்ன?" என்ற யோசனை எந்த ஹாஸ்டல் ரூமிலும் எழக்கூடியதுதான். சாஃப்ட்வேர் இலவசம், சர்வர் வாடகையும் கம்மி. அப்புறம் என்ன தயக்கம்? கொஞ்சம் பொறுங்க பாஸ்!

ட்ராக்கர்னா என்ன?

ட்ராக்கர் ஒரு கல்யாண புரோக்கர் மாதிரி. படமோ பாட்டோ அதனிடம் இருக்காது. யாரிடம் எந்த ஃபைல் இருக்கிறது, யாருக்கு அது வேண்டும் என்று முகவரியை மட்டும் கைமாற்றிவிடும். மிச்சத்தை உங்கள் போனும் லேப்டாப்பும் நேரடியாகப் பேசி முடித்துக்கொள்ளும். பிரைவேட் ட்ராக்கர் என்றால், அழைப்பு இருப்பவருக்கு மட்டும் கதவு திறக்கும்.

இந்த உலகின் பிரபலமான கட்டமைப்பு, 'கெசெல்'. 2007 அக்டோபரில் 'ஓயிங்க்' என்ற இசைத் தளத்தை பிரிட்டன், நெதர்லாந்து போலீஸ் மூடியது. உடனே முளைத்த 'வாட்.சிடி' தளம், தனக்காக எழுதிய வெப் ஃப்ரேம்வொர்க் அது. பிறகு அதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள்.

உள்ளே என்ன இருக்கு?

தளம் பிஹெச்பி-யில் ஓடும். உறுப்பினர், டோரன்ட் விவரமெல்லாம் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இருக்கும். அடிக்கடி கேட்கும் விவரங்களை நினைவில் வைக்க மெம்கேஷ்டு. முகவரி சொல்லும் வேலையை மட்டும் 'ஆசலட்' என்ற தனி நிரல் பார்க்கும். அது சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதப்பட்டது.

கவனிக்க வேண்டியது மூன்று. ஒன்று, ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனி 'பாஸ்கீ' உண்டு. அதை வெளியே விட்டால் உங்கள் பெயரில் வேறு யாரோ டவுன்லோட் செய்துவிடுவார். இரண்டு, டோரன்ட்டில் 'பிரைவேட்' குறி போட வேண்டும். போடாவிட்டால் உங்கள் ஆப், வட்டத்துக்கு வெளியே உள்ளவர்களையும் தேடிப் போகும். மூன்று, மொபைல் டேட்டா. பெரும்பாலும் பலருக்கும் சேர்த்து ஒரே பொது ஐபி முகவரிதான் கிடைக்கும் என்பதால், வெளியிலிருந்து உங்கள் போனுக்கு நேரடியாக இணைப்பு வராது. இரண்டு பேருமே அப்படி இருந்தால் ஃபைல் நகராது.

'ஃபைலே எங்ககிட்ட இல்லையே!'

எல்லோரும் சொல்லும் வாதம் இதுதான். ஸ்வீடனில் 'பைரேட் பே' ஆட்களும் இதையே சொன்னார்கள். 2009-ல் நான்கு பேருக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வாட்.சிடி கதையும் அப்படித்தான் முடிந்தது. 2016 நவம்பரில் பிரெஞ்சு போலீஸ் அதன் சர்வர்களைக் கைப்பற்ற, நடத்தியவர்கள் எல்லா டேட்டாவையும் அழித்துவிட்டதாக அறிவித்தார்கள். வேறெங்கும் கிடைக்காத அபூர்வ இசைப் பதிவுகளின் பட்டியலும் அதோடு போச்சு.

நம் ஊர் சட்டமும் லேசுப்பட்டதல்ல. காப்புரிமைச் சட்டம் 63-வது பிரிவு, தெரிந்தே மீறுபவரை மட்டுமல்ல, துணைபோகிறவரையும் பிடிக்கும். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் கோர்ட் தண்டனையைக் குறைக்கலாம், அவ்வளவுதான். இது ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தியாவில் விபிஎஸ் வாடகைக்கு எடுத்தால், அதே ஆண்டு வந்த செர்ட்-இன் உத்தரவுப்படி உங்கள் பெயரும் முகவரியும் 5 ஆண்டு பதிவில் இருக்கும்.

பாண்டின்னா தனி ரூட்டா?

ஒரு காலத்தில் ஆமாம். பாரதியாரின் 'இந்தியா' வார இதழ் 1908-ல் சென்னையிலிருந்து இங்கே இடம் மாறியதற்குக் காரணமே, பிரிட்டிஷ் சட்டம் எட்டாத பிரெஞ்சு ஊர் என்பதுதான். ஆனாலும் பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் நுழையத் தடை போட்டார்கள். 1910-ல் அது நின்றுபோனது. அச்சகம் எல்லைக்கு இந்தப் பக்கம் பத்திரமாக இருந்தும், வாசகர் அந்தப் பக்கம் இருந்ததால் வந்த வினை.

இப்போது அந்த எல்லையும் இல்லை. புதுச்சேரிக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான். 2012-ல் '3' படத்துக்காக அங்கே வாங்கிய உத்தரவைக் காட்டி, இணைய நிறுவனங்கள் பைரேட் பே-யோடு விமியோ, பேஸ்ட்பின் தளங்களையும் மூடின. குறிப்பிட்ட லிங்க்குகளை மட்டும் மூடினால் போதும் என்று ஜூனில் கோர்ட் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. தப்பு செய்யாதவரும் சேர்ந்து மாட்டிய கதை அது.

அப்போ இந்த டெக்னாலஜியே வேண்டாமா?

அப்படியில்லை. 2023 அக்டோபரில் லண்டன் பிரிட்டிஷ் நூலகம் ரான்சம்வேர் தாக்குதலில் சிக்கி, அதன் இணையச் சேவைகள் பல மாதம் முடங்கின. ஒரே சர்வரை நம்பினால் எவ்வளவு பெரிய நூலகத்துக்கும் இதுதான் கதி. அதே ஃபைல் ஐம்பது வீடுகளில் இருந்தால்? ஒரு சர்வர் விழுந்தாலும் பிரதி பிழைக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012 முதல் தன் சேகரிப்புகளை டோரன்ட்டாகவும் தருவது சும்மா இல்லை.

பாண்டியில் பகிர என்ன இருக்கிறது என்கிறீர்களா? இங்குள்ள சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-லேயே உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பாரதிதாசன் மறைந்தது 1964-ல். 60 ஆண்டு காப்புரிமைக் காலம் 2024-ஓடு தீர்ந்துவிட்டது. அதற்கு முன்பே அவர் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. உங்கள் தெருத் தாத்தா வீட்டு பிரெஞ்சு காலத்து போட்டோ, பாட்டி பாடும் தாலாட்டு, நீங்களே எடுத்த குறும்படம்... சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு ஸ்கேன் செய்து, பதிவு செய்து, நண்பர்களின் பழைய லேப்டாப்களில் ஒவ்வொரு பிரதி போட்டுவைக்கலாம்.

ஆக, கெசெல் இன்ஸ்டால் செய்வது வார இறுதி வேலை. அதற்குள் என்ன போடப் போகிறீர்கள் என்பதை மட்டும் வியாழக்கிழமையே முடிவு பண்ணிடுங்க மக்களே!