கரையோரம் ஒரு வாடகை வீடு

வீடு தேடும் படலம் நமக்கு மட்டும் உரியதன்று. ஸ்ரீராமபிரானும் வீட்டுக்கு இடம் தேடியிருக்கிறார். அகத்திய முனிவர் பஞ்சவடியைக் காட்டியருளிய பின், அங்கே எந்த இடத்தில் பர்ணசாலை அமைப்பது என்று இலக்குவனிடம் கலந்து பேசுகிறார் பெருமான். தண்ணீர் அருகில் இருக்க வேண்டும்; சமித்தும் தர்ப்பையும் மலரும் எளிதில் கிடைக்க வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாகச் சீதையின் மனம் மகிழ வேண்டும். வால்மீகி பகவான் ஆரண்ய காண்டத்தில் இவற்றை விடாமல் சொல்லியிருக்கிறார்.

சென்ற ஆண்டு எங்களுக்கும் அப்படி ஒரு தேடல் வாய்த்தது. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று மதுரையில் சொந்த வீட்டில் இருப்பவன் நான். ஓராண்டாவது இராமநாத சுவாமியின் நிழலில் வாழ வேண்டும், விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனம் அடிக்கடி கிட்ட வேண்டும் என்பது என் இல்லாளின் நெடுநாள் ஆசை.

முதலில் இராமேசுவரத்திலேயே தேடினோம். கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளில் பலவற்றை யாத்திரிகர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். நாள் வாடகையில் வருவாய் காணும் வீட்டை மாத வாடகைக்கு விட யாருக்கு மனம் வரும்? அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. கேட்ட தொகை என் ஓய்வூதியத்தில் பாதியைத் தொட்டதால், பாம்பன் கடலுக்கு இப்பால் சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள மண்டபத்துக்கு வந்தோம். பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் நின்றுபோன ரயில் போக்குவரத்து, 2025 ஏப்ரல் 6, ஸ்ரீராமநவமியன்று புதிய பாலம் திறக்கப்பட்ட பின் மீண்டும் தொடங்கிவிட்டது. பேருந்தும் உண்டு. ஆகவே மண்டபத்தில் குடியிருந்துகொண்டே சுவாமியைச் சேவித்து வரலாம் என்று கணக்கிட்டேன்.

முதல் வீடு எல்லா வகையிலும் பொருந்தியது. முன்பணமும் பேசி முடிந்தது. கடைசியில் உரிமையாளர் எங்கள் வயதைக் கேட்டார். எனக்கு அறுபத்தெட்டு, அவளுக்கு அறுபத்து நான்கு என்றேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டு, "தப்பா நினைக்காதீங்க சார். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, அடைப்பு கிடைப்புன்னு வந்துட்டா, வீடு ஆறு மாசம் பூட்டிக் கிடக்கும்" என்றார்.

என் இல்லாள் ஒன்றும் பேசாமல் வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். எனக்கோ கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அதே சொற்களை நானே ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் மதுரை வீட்டின் கீழ்ப்பகுதியைக் கேட்டு ஒரு முதிய தம்பதியர் வந்தனர். நான் கேட்ட வாடகைக்கு உடனே ஒப்புக்கொண்டனர். இருந்தும் அவிட்டம், சதயம் என்று மனத்துக்குள் நாள் கணக்குப் போட்டு, ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த அம்மாள் படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கியது இப்போது நினைவுக்கு வந்தது.

இரண்டாவது வீட்டில் வயதை யாரும் கேட்கவில்லை. வாடகையே வேண்டாம், ஒத்திக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றனர். மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால், காலி செய்யும்போது அப்படியே திருப்பித் தருவார்களாம். மூலப் பத்திரத்தைக் கேட்டேன், நகல்தான் வந்தது. இங்கே அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஓய்வுக் காலப் பணத்தை ஒத்தியில் போடுமுன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். அசல் பத்திரம் உரிமையாளர் கையில் இருக்கிறதா என்று கண்ணால் காணுங்கள். வீடு ஏற்கெனவே வங்கி அடமானத்தில் இருந்து கடன் தவறினால், வங்கியின் உரிமைதான் முந்தி நிற்கும். ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்யாமல் வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வது நமக்குப் பாதுகாப்பு ஆகாது. இந்தக் கண்ணீரை வங்கி மேசையில் அமர்ந்து நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வாடகைக்குச் செல்வோரும் எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் குடியேற வேண்டாம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள நம் மாநில வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. வேறு உடன்பாடு இல்லையெனில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக, அதைத் திருப்பித் தர வேண்டும்.

மூன்றாவது வீடு ரயில் நிலையத்துக்கு அருகில். உரிமையாளர் கணவரை இழந்த ஓர் அம்மையார். அவர் எங்கள் வயதைக் கேட்கவில்லை. என் இல்லாளின் முழங்காலைப் பார்த்தார். "மாடி வேணாம்மா, கீழ் வீட்டை எடுத்துக்கங்க. நான் மேலே போயிக்கிறேன். இங்க கெணத்துத் தண்ணி உப்பு, குடிக்கிற தண்ணி வர்ற நேரத்துக்கு நான் குரல் குடுக்குறேன்" என்றார். இரண்டு மாத முன்பணம் போதும் என்றவர், ஒப்பந்தம் எழுதவும் தடை சொல்லவில்லை. வாடகை, தண்ணீர், இராமேசுவரம் சென்று வரும் செலவு எல்லாம் சேர்ந்தும் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கியது.

பிறருக்கு இடம் கொடுத்துப் பழகிய மண் இது. கடல் கடந்து உயிர் பிழைக்க வந்த இலங்கைத் தமிழருக்கு மண்டபம் முகாம் அடைக்கலமாக இருந்து வருகிறது. தனுஷ்கோடி செல்லும் வழியிலுள்ள கோதண்டராமர் ஆலயம் விபீஷண சரணாகதியைப் போற்றுவது. பகைவனின் தம்பி அடைக்கலம் கேட்டு வந்தபோது, 'நாளை ஏதாவது ஆகிவிட்டால்?' என்ற ஐயத்தைச் சுக்ரீவன் எழுப்பினான். அந்த ஐயத்தில் தவறில்லை. ஆயினும் பெருமான் அதைக் கேட்டுவிட்டு, வந்தவனை ஏற்றுக்கொண்டார்.

பித்ரு காரியத்துக்காகப் பாரத தேசமே தேடி வரும் கரை இது. மறைந்த முன்னோருக்கு அக்னி தீர்த்தத்தில் எள்ளும் நீரும் இறைக்கும் நாம், உயிரோடிருக்கும் முதியவருக்கு மரண பயத்தால் கதவடைப்பது எவ்விதத்தில் நியாயம்? அடைப்பு நாள் நேர்ந்தால் அதற்குரிய சாந்தியைச் சாஸ்திரமே சொல்லியிருக்கிறது. படியிறங்கிப் போன முதியவரின் மனத்துக்கு நாம் என்ன சாந்தி செய்வது?

அந்த மதுரைத் தம்பதியரைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எங்கள் கீழ்ப்பகுதியில் இந்தத் தை மாதம் முதல் எழுபத்தொரு வயது அம்மாள் ஒருவர் தனியாகக் குடியிருக்கிறார். படியின் ஓரம் கைப்பிடிக் கம்பி ஒன்றும் பொருத்தியாயிற்று.

இந்த இதழைப் படிக்கும் அன்பர்களில் பலருக்கு ஒரு மாடியோ பின்கட்டோ வாடகைக்கு விட இருக்கும். அடுத்த முறை நரைத்த தலை ஒன்று வாசலில் வந்து நின்றால், வயதைக் கேட்குமுன் உட்காரச் சொல்லுங்கள்.