அப்பாவின் ஆர்எக்ஸ்-இசட் ஓடும். கிராண்ட் யார் பெயரில்?

தோட்டத்து வீடுகளின் பின்புறம் கோணிப்பை போர்த்திக் கிடந்த டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களுக்கு இப்போது மவுசு கூடியிருக்கிறது. ஒரு காலத்தில் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போன வண்டிகள் இவை. இன்று நல்ல நிலையில் இருக்கும் யமாஹா ஆர்எக்ஸ்-இசட் ஒன்றுக்குப் பத்தாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் சர்வ சாதாரணமாகக் கேட்கிறார்கள். கடையில் நிற்கும் புது 150 சிசி வண்டியை விட அது அதிகம். யமாஹா டிஇசட்எம், ஹோண்டா என்எஸ்ஆர்150, கவாசாக்கி கேஆர்150 என்று பந்தய வண்டிகளின் சாயலில் வந்தவற்றுக்கும் இதே கதைதான். 1980-இல் வந்த ஆர்டி350எல்சி கிடைத்தால் விலை பேசவே இடமில்லை.

இதற்குக் காரணம் வெறும் பழைய நினைவு என்று ஒதுக்கிவிட முடியாது. உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் 1991 முதல் 1997 வரை ஷா ஆலம் பத்து தீகா ஓட்டப்பாதையில் நடந்தது. வாலண்டினோ ரோஸி தமது முதல் உலகப் பந்தயத்தில் 1996-இல் இறங்கியதும் அங்கேதான்; ஓட்டியது 125 சிசி டூ-ஸ்ட்ரோக். 1994-இல் தொடங்கிய கப் பிரி பந்தயம் அதே வேகத்தைச் சிறு பட்டணங்களுக்கும் கொண்டு போனது. அதைப் பார்த்து வளர்ந்த பையன்கள்தான் இன்று கையில் கொஞ்சம் பணத்தோடு நாற்பது, ஐம்பது வயதில் இருக்கிறார்கள். ஆர்எக்ஸ்-இசட் தயாரிப்பு 2011-இல் நின்றது. உலகப் பந்தயத்தின் கடைசி டூ-ஸ்ட்ரோக் பிரிவான 125 சிசியும் அதே ஆண்டோடு முடிந்தது. புகைக் கட்டுப்பாடு கடுமையாகி வரும் காலத்தில் இனி இவை புதிதாக வரப்போவதில்லை. இருப்பதைத்தான் பங்கு போட வேண்டும்.

இயந்திரத்தைச் சரிசெய்வது பலர் பயப்படும் அளவுக்குக் கடினமல்ல. இந்த டூ-ஸ்ட்ரோக்குகளில் கேம், கேமால் இயங்கும் வால்வு எதுவும் கிடையாது. சுழல்தண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை வெடிப்பு. அதனால்தான் சிறிய எஞ்சினிலிருந்து அவ்வளவு சீற்றம். ஆனால் பல வருடம் நின்ற வண்டியை வாங்கிய அன்றே உதைத்து ஓட்டிப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. சுழல்தண்டின் இரு பக்கமும் இருக்கும் ரப்பர் சீல்கள் இறுகிப் போயிருக்கும். அந்த வழியே காற்று புகுந்தால் பெட்ரோல் கலவை மெலிந்து, சூடு ஏறி, பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். எண்ணெய் பம்ப் வேலை செய்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளர் பம்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓட்டியிருக்கலாம். அது தெரியாமல் வெறும் பெட்ரோல் ஊற்றினால் எஞ்சின் சில கிலோமீட்டர்கூடத் தாங்காது. பந்தயத்துக்காகத் துவாரங்களைப் பெரிதாக்கிய சிலிண்டர் இன்னொரு தலைவலி. வேகம் இருக்கும், தினமும் பட்டணத்துக்குப் போய்வர உதவாது. பலமுறை போர் செய்த சிலிண்டருக்குப் பொருந்தும் அசல் பிஸ்டன் கிடைப்பதும் அரிது. சந்தையில் போலி உதிரிபாகங்களும் நிறைய.

இத்தனையும் பணத்தால் தீரும் குறைகள். பணத்தால் தீராதது ‘கிராண்ட்’ என்று நாம் சொல்லும் பதிவுச் சான்றிதழ்.

நம் குடும்பங்களில் அடிக்கடி நடப்பது இதுதான். வண்டி அப்பா பெயரில் இருக்கும். அப்பா காலமாகிப் பல வருடம் ஆகியிருக்கும். தோட்டத்தை விட்டு வெளியேறி அடுக்குமாடிக்குக் குடிவந்தபோது கிராண்ட் எங்கோ தொலைந்திருக்கும். சாலை வரி எப்போதோ காலாவதியாகியிருக்கும். மகன் சேமிப்பை எல்லாம் செலவழித்து, சாயம் பூசி, எஞ்சினை எழுப்பிய பிறகுதான் ஜேபிஜே பக்கம் போகிறான். பெயர் மாற்றத்துக்கு விற்பவர், வாங்குபவர் இருவரின் ஒப்புதலும் வேண்டும். இறந்தவரின் வண்டி என்றால் வாரிசுகள் முதலில் அமானா ராயா அல்லது நீதிமன்றம் வழியாக நிர்வாக உரிமை பெற வேண்டும். அண்ணன் தம்பிக்குள் ஒற்றுமை இருந்தால் அது சில மாத அலைச்சல். இல்லாவிட்டால் வண்டி மறுபடியும் கோணிப்பைக்குள்தான். இந்த வரிசையை மாற்றி, முதல் ரிங்கிட்டை எஞ்சினுக்குச் செலவிடும் முன் கிராண்டைத் தேடுவதே புத்திசாலித்தனம்.

வெளியாரிடம் வாங்குபவருக்கு ஆபத்து இன்னும் பெரிது. விலை ஏற ஏறத் திருடர்களின் கண்ணும் இவற்றின் மேல் விழுகிறது. சட்டக எண்ணும் எஞ்சின் எண்ணும் கிராண்டில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். எண்ணைச் சுற்றிச் சுரண்டல், புது வெல்டிங், அந்த இடத்தில் மட்டும் புதுச் சாயம் இருந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடலாம். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அது ஜேபிஜே பதிவிலும் மாறியிருக்க வேண்டும். திருட்டு வண்டி என்று தெரிந்தோ, சந்தேகிக்கக் காரணம் இருந்தோ வாங்கினால் குற்றவியல் சட்டத்தின் 411-ஆவது பிரிவு பாயும். ‘மலிவாகக் கிடைத்தது’ என்பது அங்கே தற்காப்பு ஆகாது; சந்தேகிக்க வேண்டிய காரணமாகவே அது எடுத்துக்கொள்ளப்படலாம்.

யமாஹா டிஇசட் போன்ற அசல் பந்தய வண்டிகள் வேறு ரகம். அவை சாலைக்காகச் செய்யப்பட்டவையே அல்ல. விளக்கும் கிடையாது, எண் பலகையும் கிடையாது. மூடிய ஓட்டப்பாதையில் ஓட்டுவதற்கோ வீட்டில் வைத்து அழகு பார்ப்பதற்கோ வாங்கலாம்.

சிங்கப்பூரில் கணக்கு இன்னும் கடுமை. 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30-க்குப் பிறகு அங்கே சாலையில் ஓட முடியாது. பழம்பெரும் வாகனத் திட்டங்களில் உள்ளவை மட்டும் விதிவிலக்கு. அங்குள்ள உறவினர் ‘வண்டியைச் சும்மா எடுத்துக்கொள்’ என்று சொன்னால், அதை இங்கே கொண்டுவந்து பதிவு செய்ய முடியுமா என்பதை ஜேபிஜேயில் கேட்ட பிறகே தலையாட்ட வேண்டும்.

விற்பவருக்கும் ஒரு கவனம் தேவை. ‘பெயரைப் பிறகு மாற்றிக்கொள்கிறேன்’ என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகும் இளைஞன், அன்று மாலையே நெடுஞ்சாலையில் பந்தயம் ஓட்டினால் சம்மன் வருவது தோட்டத்துப் பெரியவரின் பெயருக்குத்தான். ஜேபிஜே முகப்பில் இருவரும் கைரேகை வைத்த பிறகு சாவியைக் கொடுத்தால் போதும்.