ஒல்லியாக இருந்தால் போதுமா?

அடுப்பு எரிந்தால் புகை போக வழி வேண்டும். இது நம் பாட்டிமாருக்கே தெரியும். வழி இல்லாத சமையலறையில் யார் நிற்க முடியும்? கண் எரியும், மூச்சு முட்டும்.

கம்ப்யூட்டரும் அப்படித்தான். அதில் புகை இல்லை, சூடு உண்டு. அந்தச் சூடு வெளியே போக இடம் வேண்டும். இடத்தைச் சுருக்கிவிட்டு, "பாருங்கள், எவ்வளவு ஒல்லி! எவ்வளவு அழகு!" என்று விற்கிறார்களே, அது நியாயமா?

நியாயம் இல்லை என்பதே என் கருத்து. பையில் போட்டுத் தூக்கிச் செல்லும் கருவி ஒல்லியாக இருக்கலாம். மேஜையை விட்டு நகராத கருவிக்கு ஒல்லி எதற்கு?

எல்லாம் ஒன்றிலே

"ஆல்-இன்-ஒன்" கம்ப்யூட்டரைப் பார்த்திருப்பீர்கள். தனிப் பெட்டி கிடையாது. திரைக்குப் பின்னாலேயே எல்லாக் கருவிகளும் அடக்கம். இடம் மிச்சம், பார்வைக்கும் லட்சணம்.

அதன் உள்ளே "கிராபிக்ஸ் சிப்" என்று ஒரு சில்லு இருக்கிறது. திரையில் தெரியும் படங்களைக் கணக்குப் போட்டு வரைந்து கொடுப்பது அதன் வேலை.

கடிதம் எழுதினால் அதற்கு அலுப்பே தெரியாது. மணிக்கணக்கில் வீடியோ எடிட் செய்தால்? பெரிய விளையாட்டு ஆடினால்? அப்போது அது ஓய்வில்லாமல் உழைக்கும். பழைய காலத்து 100 வாட் குண்டு பல்பு அளவுக்கு மின்சாரம் குடிக்கும் சிப்புகள் உண்டு. குடித்த மின்சாரம் முழுவதும் சூடாகத்தான் மாறும்.

எரிகிற 100 வாட் பல்பைக் கையால் தொட முடியுமா? அவ்வளவு சூடும் தபால் தலையை விடச் சிறிய ஒரு துண்டில் கிளம்புகிறது!

பெரிய பெட்டிக் கம்ப்யூட்டரில் இதைச் சமாளிக்கலாம். பெரிய விசிறி இருக்கும். சூட்டை வாங்கிக்கொள்ளும் பெரிய உலோகத் தகடும் இருக்கும். ஒல்லித் திரைக்குப் பின்னால் இரண்டும் சின்னவை. போதாக்குறைக்கு, மூளைச் சிப்பும், மின்சாரம் கொடுக்கும் பகுதியும், திரை விளக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து சூடு கக்குகின்றன.

எப்படிக் கெடுகிறது?

சூடு ஏறினால் முதலில் விசிறி இரையும். பிறகு சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அது தற்காப்பு. "புது மிஷின் ஏன் நத்தை மாதிரி ஊர்கிறது?" என்று நாம் தலையைச் சொறிவோம்.

இதை விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சிப்பை அதன் பலகையோடு சேர்த்துப் பிடித்திருப்பவை மிகச் சிறிய சால்டர் பொட்டுகள். சூடேறினால் சிப்பும் விரியும், பலகையும் விரியும். ஆனால், இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. நடுவில் இருக்கும் பொட்டு இழுபடும். அணைத்தால் எல்லாம் சுருங்கும். பொட்டு மறுபடியும் இழுபடும்.

ஒரு கம்பியை வளைத்து, நிமிர்த்தி, வளைத்து, நிமிர்த்திக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஒரு நாள் ஒடியும். பொட்டும் அப்படியே விரிசல் விடும். திரையில் கோடு கோடாக விழும். படம் கலங்கும். கடைசியில் இருட்டு.

இது கட்டுக்கதை அல்ல. 2008 ஜூலை மாதம் என்விடியா கம்பெனியே இப்படி ஒரு குறையை ஒப்புக்கொண்டது. மடிக் கம்ப்யூட்டர்களுக்கான அதன் சில கிராபிக்ஸ் சிப்புகளில், சிப்பைப் பொருத்தப் பயன்பட்ட பொருள் பலவீனமாக இருந்தது. பழுது பார்க்கவும் மாற்றிக் கொடுக்கவும் 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஆகும் என்று அறிவித்தது.

ஐமேக் கதை

ஆல்-இன்-ஒன் உலகில் பெயர் பெற்றது ஆப்பிள் கம்பெனியின் ஐமேக். 2011 மே முதல் 2012 அக்டோபர் வரை விற்ற 27 அங்குல ஐமேக்குகள் சிலவற்றில் ஏ.எம்.டி. ரேடியான் 6970எம் என்ற கிராபிக்ஸ் கார்டு இருந்தது. அது பழுதாகலாம் என்று 2013 ஆகஸ்டில் ஆப்பிள் அறிவித்தது. திரை கலங்கினாலோ, கோடு விழுந்தாலோ இலவசமாக மாற்றித் தருவதாகவும் சொன்னது. அதற்குக் காலக்கெடுவும் வைத்தது.

மாற்றித் தந்தது நல்ல காரியம். மறுக்கவில்லை. ஆனால், இடையில் என்ன நடந்தது, பாருங்கள்.

2012 அக்டோபரில் அடுத்த ஐமேக் அறிமுகமானது. பெரிய விளம்பரம் எது? அதன் ஓரத்தின் கனம் 5 மில்லிமீட்டர்தான் என்பது! முந்தைய மாடலில் முன் கண்ணாடியைக் காந்தம் பிடித்திருந்தது. கழற்றலாம், உள்ளே தூசி தட்டலாம். புதிய மாடலில் திரையைப் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள். தூசி தட்ட வேண்டுமானாலும் பசையை அறுக்க வேண்டும்.

தூசி படிந்தால் காற்று போகாது. காற்று போகாவிட்டால் சூடு ஏறும். இது தெரியாதவர்களா அதைச் செய்தார்கள்?

அவர்களால் வேறு விதமாகவும் செய்ய முடிந்தது. 2017 டிசம்பரில் ஐமேக் புரோ வந்தது. சுழலும் வட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சூடு தணிக்கக் கொடுத்தார்கள். விசிறி இரண்டு. சூட்டைச் சமாளிக்கும் திறன் 80 சதவீதம் கூடிவிட்டது என்று ஆப்பிளே பெருமையாகச் சொன்னது. விலை? 4,999 டாலரில் ஆரம்பம்!

சூடு தணிய இடம் என்பது பணக்காரருக்கு மட்டும் கிடைக்கும் சலுகையா?

இன்னொரு வழியும் உண்டு. 2021-ல் வந்த 24 அங்குல ஐமேக்கின் கனம் 11.5 மில்லிமீட்டர்தான். ஆனால், அதன் சிப் குறைந்த மின்சாரத்தில் வேலை செய்கிறது, சூடும் குறைவு. அந்த ஒல்லியை நான் குறை சொல்ல மாட்டேன். சூட்டைக் குறைத்துவிட்டு உடம்பை இளைக்கட்டும். சூட்டை அப்படியே வைத்துக்கொண்டு இளைப்பதுதான் தப்பு.

நமக்கு என்ன பாடம்?

கம்ப்யூட்டர் வாங்குவது பலருக்கு மாதச் சம்பளத்துக்கு மேற்பட்ட செலவு. கடன் வாங்கி, தவணை கட்டி, பிள்ளையின் பிழைப்புக்காக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தவணை முடியும் முன் திரை இருண்டால் யார் பதில் சொல்வது?

ஆகவே, கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். சூடான காற்று எந்த வழியாக வெளியே போகிறது? தூசி தட்டத் திறக்க முடியுமா? கிராபிக்ஸ் சிப் கெட்டால் அதை மட்டும் மாற்றலாமா, அல்லது பலகை முழுவதையும் மாற்ற வேண்டுமா?

நாள் முழுவதும் வீடியோ வேலை என்றால், தனிப் பெட்டி உள்ள கம்ப்யூட்டரே நல்லது. கணக்கு, கடிதம், படிப்புக்கு ஆல்-இன்-ஒன் தாராளமாகப் போதும்.

வீட்டில் வைக்கும்போது சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். காற்றுத் துளைகளைத் துணியால் மூடாதீர்கள். ஐமேக் வேலை செய்வதற்கு ஏற்ற அறை வெப்பம் 10 முதல் 35 டிகிரி வரை என்று ஆப்பிள் குறிப்பிடுகிறது. சென்னையில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது உண்டு. மத்தியான வேளையில் கனமான வேலையைக் கொடுக்காமல், இரவுக்குத் தள்ளிப் போடுங்கள்.

நம் கடமை இவ்வளவுதான். மிச்சம் கம்பெனிகளின் கடமை. எவ்வளவு நேரம் முழு வேகத்தில் ஓடலாம் என்பதை விளம்பரத்திலேயே சொல்லட்டும். சூட்டினால் கெடும் சிப்புக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதம் கொடுக்கட்டும். திருகாணியைத் திருகினால் திறக்கும்படி செய்யட்டும்.

கம்ப்யூட்டருக்கு நாம் பணம் கொடுப்பது அது உழைப்பதற்காக. பக்கவாட்டில் நின்று அதன் இடுப்பை அளப்பதற்காக அல்ல!