பீரோவில் தூங்கும் காகிதம்

காலடிப்பேட்டையிலிருந்து விடியற்காலையில் மணலிக்கும் எண்ணூருக்கும் வேலைக்குப் போகும் தோழர்களை ஒன்று கேட்கிறோம். நீங்கள் தினமும் உருட்டுகிற பீப்பாயில் இருப்பது என்ன? "ஏதோ ஆசிட்" என்பார் ஒருவர். "நாலாம் நம்பர் சரக்கு" என்பார் இன்னொருவர். அந்தச் சரக்கின் பெயர் என்ன, கண்ணில் தெறித்தால் என்ன செய்வது, தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றலாமா கூடாதா, எல்லாம் எழுதிய ஒரு காகிதம் உண்டு. பாதுகாப்புத் தகவல் தாள் என்று பெயர். பல இடங்களில் அது மானேஜர் பீரோவில் இங்கிலீஷில் தூங்குகிறது. இன்ஸ்பெக்டர் வரும் அன்று விழித்துக்கொள்கிறது.

காகிதம்தானே என்று நினைக்க வேண்டாம். 2015ல் தென் கொரியாவிலிருந்து அம்மோனியம் நைட்ரேட் சென்னைக்கு வந்து இறங்கியது. தஸ்தாவேஜில் உரத் தரம் என்று இருந்தது. வெடிமருந்துத் தரம் என்று சொல்லிச் சுங்க இலாகா பறிமுதல் செய்தது. பிறகு? சுமார் 700 டன் சரக்கு, 37 கண்டெய்னர்களில், மணலிக் கிடங்கில் ஐந்து வருஷம் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4ந் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் அதே வகைச் சரக்கு 2,750 டன் வெடித்து 200 பேருக்கு மேல் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் மணலிச் சரக்கின் கதை ஊருக்குத் தெரிந்தது! அவசர அவசரமாக ஹைதராபாத்துக்கு லாரி ஏறியது. ஒரு சொல் உரம் என்றால் பக்கத்தில் நின்று பீடி பற்றவைப்பான்; வெடிமருந்து என்றால் எட்டி நிற்பான். தொழிலாளியின் உயிர் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

2023 டிசம்பர் 26ந் தேதி நள்ளிரவை எண்ணூர் மறக்கவில்லை. கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். அம்மோனியா தண்ணீரில் கரையும்; ஈரத் துணியால் மூக்கை மூடு; காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிப் போ; எரியும் கண்ணைக் கால் மணி நேரம் தண்ணீரில் கழுவு. இந்த நாலு வரியைத் தமிழில் எழுதிக் குப்பத்துச் சுவரில் ஒட்ட என்ன செலவாகும்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1984ல் போபாலில் ஆயிரக்கணக்கானோர் செத்த பிறகு, அபாயத்தைத் தொழிலாளிக்குச் சொல்லியே தீர வேண்டும் என்று 1987ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். தாளில் உள்ளது சரியாக இருக்க வேண்டும், ஒவ்வொரு கலத்திலும் சீட்டு ஒட்ட வேண்டும் என்று 1989ம் வருஷ விதிகள் சொல்கின்றன. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. அதன்மேல் நமக்குள்ள சண்டை வேறு. ஆனால் அபாயத்தை மறைக்கக் கூடாது என்ற கடமை அதிலும் உண்டு.

போனஸுக்கு வாசலில் நின்ற நாம் இந்தத் தாளுக்காக எத்தனை முறை நின்றோம்? சங்கங்களின் குறையையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சரக்கு கொடுக்கும் கம்பெனி மாறியும் பழைய தாளே தொங்குகிறது. ஒரு பீப்பாயில் வந்ததை இன்னொன்றில் ஊற்றுகிறார்கள், சீட்டு மாறுவதில்லை. கண்ட்ராக்ட் தொழிலாளிக்கு எதுவுமே சொல்வதில்லை.

கிராமத்துத் தோழர்கள் இது ஆலைக்காரர் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். 2017ல் மராட்டியத்து யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் சுமார் இருபது பேர் இறந்தார்கள். பூச்சிமருந்து டப்பாவில் முக்கோணம் இருக்கும்: சிவப்பு கொடிய விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. மிராசுதார் சோடாப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தால் முக்கோணம் எங்கே? அசல் டப்பாவைக் காட்டு, பிறகு தெளிக்கிறேன் என்று சொல்லுங்கள்.

ஆலைத் தோழர்கள் இந்த வாரம் ஷிப்டு முடிந்ததும் தங்கள் பகுதியில் உள்ள பீப்பாய், டாங்கிகளின் பெயரைக் குறித்துக்கொண்டு சங்க ஆபீசுக்கு வாருங்கள். சீட்டு இல்லாததையும் குறியுங்கள். தமிழில் தாள் கேட்டு நிர்வாகத்துக்கு மனு எழுதுவோம். நகல் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்குப் போகும்.