நாடி நிதானமாக இருந்தால் பிரஷர் இல்லையா?

"நாடி நிதானமாத்தான் ஓடுது, எனக்கு ஏது ரத்தக்கொதிப்பு?" ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டி ஓய்ந்த பெரியவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு. மலாக்கா டவுனில் இருக்கும் பேரப்பிள்ளைகளும் கைக்கடிகாரத்தில் 72 என்று பார்த்துவிட்டு அதையேதான் சொல்கிறார்கள். நாடியும் பிரஷரும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும் என்ற நினைப்பு.

குனிந்து மங்கிலிருந்து பாலை ஊற்றியவர் சட்டென்று நிமிர்கிறார். அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்க, இதயத்துக்குத் திரும்புவது குறைந்து பிரஷர் சரிகிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் உள்ள நரம்பு முனைகள், குழாய்ச் சுவர் எவ்வளவு விரிகிறது என்று ஓயாமல் மூளைத்தண்டுக்குச் சேதி அனுப்புபவை. விரிவு குறைந்தால் சேதியும் குறையும். உடனே மூளைத்தண்டு இதயத்தை முடுக்கி, ரத்தக்குழாய்களை இறுக்குகிறது. எல்லாம் சில நொடிக்குள். பிரஷர் இறங்கியதால்தான் இங்கே நாடி ஏறியது!

"பெரட்டுக்கு ஓடும்போது இரண்டும் ஏறுதே?" ஏறும். உழைக்கும் நேரத்துக்கு மட்டும் மூளை தன் அளவுகோலை உயர்த்தி வைத்துக்கொள்கிறது. அப்போதும் ஏறுவது பெரும்பாலும் பிரஷரின் மேல் எண்தான். தசைகளின் குழாய்கள் விரிந்து கொடுப்பதால் கீழ் எண் அதிகம் அசையாது.

"கோளாறு இருந்தா உடம்பு காட்டிக்கொடுக்காதா?" இந்த நம்பிக்கைதான் ஆபத்து. மாதக்கணக்கில் மேல் எண் 160ஐத் தாங்கிய நரம்பு முனைகள் அதையே இயல்பென்று எடுத்துக்கொண்டு, அந்த அளவையே காவல் காக்கத் தொடங்கிவிடும். நாடியும் அமைதியாகவே இருக்கும். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 10 பேரில் 3 பேருக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. அவர்களில் பாதிப்பேருக்கு அது தெரியவே இல்லை.

நாடி பார்ப்பதைக் குறை சொல்லவில்லை. காய்ச்சலுக்கும் ரத்தப்போக்குக்கும் அது நல்ல சாட்சி. பிரஷருக்குக் கையில் பட்டை கட்டித்தான் ஆகவேண்டும்.

மயக்கம் வந்தாலே "பிரஷர் ஏறிடுச்சு" என்பது இன்னொரு தவறான நினைப்பு. எழுந்ததும் வரும் மயக்கத்தில் பெரும்பாலும் இறங்கித்தான் இருக்கும். இனிப்புநீர் நெடுநாளாக உள்ளவர்களுக்கு இதயத்தை முடுக்கி, குழாய்களை இறுக்கும் நரம்புகளே பழுதாகலாம். கிளினிக்கில் படுக்கவைத்து ஒருமுறையும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மறுமுறையும் அளக்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 சரிந்தும், நாடியைத் தணிக்கும் மாத்திரை சாப்பிடாதவருக்கு நாடி அசையாமலே இருந்தால், அந்த நிதானமான நாடிதான் நரம்பு கெட்டதற்கு அடையாளம்.