கர்ப்பிணியின் ஊரிலிருந்தே தொடங்குங்கள்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் குடியிருப்புகளுக்குப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதியாக இருந்தது. அந்தப் பெண்களுக்காக உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. அதே ஆய்வு, நம் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்றும் சொல்கிறது. பிரசவ நாளுக்கு ஆம்புலன்சையும் மருத்துவரையும் படுக்கையையும் தயார் செய்துவிட்டோம். அதற்கு முந்தைய மாதங்களில் அந்தப் பெண் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு வேலை செய்தாள், யாரிடம் தன் பயத்தைச் சொன்னாள் என்பதில் நம் கை இன்னும் எட்டவில்லை. மேலே சொன்ன இரண்டும் மாநிலச் சராசரிகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பழங்குடியினர் நம்மில் 1.1 விழுக்காடு. இத்தனை சிறிய கூட்டத்தின் துன்பம் எந்தச் சராசரியிலும் வெளியே தெரியாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தை நான் மதிக்கிறேன். 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி; அதில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் அடக்கம். ஆனால் முழு உதவியும் கிடைக்க 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிய வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், வயது 19 நிறைந்திருக்க வேண்டும். மூன்றாம் மாதம் முடியும்வரை கர்ப்பத்தை வெளியே சொல்லாத வீடுகள் மலையில் நிறைய உண்டு. சிறுவயதில் மணமான பெண்ணோ, உடம்பு இன்னும் முதிராமல் எல்லோரையும்விட அதிகமாகச் சத்து தேவைப்படும் நேரத்தில், விதியால் வெளியே நிறுத்தப்படுகிறாள். அவளுக்குப் பணம் தர முடியாதென்றால் போகட்டும். சோறாவது போட வழி செய்யுங்கள்.

சோற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கூடலூர்ப் பள்ளத்தாக்குகளில் முன்பு நெல்வயல் அதிகம். வயலோடு சேர்ந்து நண்டும் மீனும் வரப்புக் கீரையும் கிடைத்தன. காட்டிலிருந்து கிழங்கும் காளானும் மூங்கில் குருத்தும் தேனும் வந்தன. பணியர் வீட்டுக் கர்ப்பிணிக்கு இவை காசு கொடுக்காமல் கிடைத்த உணவு. வயல்கள் வாழைக்கும் இஞ்சிக்கும் தேயிலைக்கும் மாறின, பூச்சிமருந்து வந்தது, காட்டுக்குள் போவதற்குத் தடைகளும் வந்தன. இன்று ரேஷன் அரிசியும் நீர்த்த குழம்பும் கட்டஞ்சாயாவும்தான் பல வீடுகளில் அன்றாடச் சாப்பாடு. பெட்டகத்தில் வரும் பேரீச்சம்பழத்தையும் சத்துமாவையும் வீட்டுப் பிள்ளைகளோடு பங்கிட்டால் சில நாளில் தீர்ந்துவிடும். பங்கிடாதே என்று எந்தத் தாயிடம் சொல்ல முடியும்? எனக்கு வாய் வந்ததில்லை.

கேரளத்தின் அட்டப்பாடியில் 2013இல் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்து நாடே பேசியது. அதன்பின் அங்கே குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பின் மூலம் ஊர்தோறும் சமூகச் சமையலறைகள் தொடங்கப்பட்டன. ஊர்ப்பெண்களே சமைத்து, கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் குழந்தைக்கும் முதியவருக்கும் பரிமாறினார்கள். கர்நாடகம் 2017இல் மாத்ருபூர்ணா திட்டத்தில் அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்கு மதியச் சாப்பாடு போடத் தொடங்கியது. ஆனால் அங்கே மலைநாட்டுப் பெண்களால் அவ்வளவு தூரம் நடந்து வந்து சாப்பிட முடியவில்லை. வயிற்றுப் பிள்ளையோடு மேடேறி இறங்கியவர்களுக்கு இது புரியும். அடுப்பு குடியிருப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவைக் கொண்டுபோய்ச் சேர்த்த அரசுக்கு இது முடியாத காரியமில்லை. ராகி, சாமை, கீரை, முட்டை, மீன் என்று எதைச் சமைப்பது என்பதை அந்த ஊர்ப் பெண்கள் முடிவு செய்யட்டும். சென்னையிலிருந்து பட்டியல் வர வேண்டியதில்லை.

அடுத்தது, யார் போய்ப் பேசுவது என்ற கேள்வி. ஒரு பணியப் பெண் நான் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகளையெல்லாம் கூரை இடுக்கில் செருகி வைத்திருந்தாள். விழுங்கினால் குமட்டல், மலம் கறுப்பாகப் போகிறது, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். என் எதிரில் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் ஊரிலேயே இரண்டு பிள்ளை பெற்ற இன்னொருத்தி ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, “எனக்கும் அப்படித்தான் இருந்தது, ராத்திரி கஞ்சி குடித்துவிட்டுப் போடு” என்று அவர்கள் பேச்சில் சொன்னாள். அதன்பின் கூரை இடுக்கில் மாத்திரை சேரவில்லை.

அந்த இன்னொருத்தியைத்தான் நீங்கள் வேலைக்கு எடுக்க வேண்டும் என்கிறேன். இது புதிய யோசனையுமில்லை. கூடலூரில் 1980களின் பிற்பகுதியிலேயே ஆதிவாசிப் பெண்களுக்கு ஊர்ச் சுகாதாரப் பணியாளராகப் பயிற்சி தரப்பட்டது. 1990இல் அஸ்வினி அமைப்பு உருவாகி, ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே செவிலியர்களாக வளர்ந்தார்கள். தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993 முதல் உள்ளூர் மலையாளிப் பழங்குடிப் பெண்களைப் பயிற்றுவித்தே மருத்துவமனையைக் கட்டியெழுப்பினார்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் இணையர் ஊர்ப்பெண்களைக் கொண்டு வீட்டிலேயே சிசுக்களைக் கவனிக்கச் செய்ததில், பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்ததை 1999இல் லான்செட் இதழ் வெளியிட்டது.

நம் மலைப்பகுதிகளில் ஆஷா பணியாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது செய்த வேலையை எண்ணித் தரும் ஊக்கத்தொகை. தோட்டக்கூலியை விட்டுவிட்டு அதை நம்பி எந்தப் பழங்குடிப் பெண்ணும் வர மாட்டாள். மாதச் சம்பளம் கொடுங்கள். அந்தக் குடியிருப்பில், அந்தச் சமூகத்தில் பிறந்தவள் என்பதே முதல் தகுதியாக இருக்கட்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் கேட்டால் சரியான ஆள் கிடைக்க மாட்டாள்.

சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோயையும் நினைவுபடுத்துகிறேன். எங்கள் பகுதிப் பழங்குடிகளிடம் அது உண்டு. 2023 ஜூலையில் ஒன்றிய அரசு அதை 2047க்குள் ஒழிக்க இயக்கம் தொடங்கியிருக்கிறது. இந்நோயுள்ள பெண்ணுக்கு ரத்தம் குறைவது இரும்புச்சத்து இல்லாததால் மட்டும் என்று எண்ணி எல்லோருக்கும் தரும் மாத்திரையைத் தந்துவிட்டுப் போகக் கூடாது. இரும்புச்சத்து உண்மையிலேயே குறைவா என்று பரிசோதித்த பிறகே அதைத் தர வேண்டும். ஃபோலிக் அமிலம் விடாமல் வேண்டும். வலி வந்தால் உடனே மருத்துவமனை வேண்டும். கர்ப்பம் உறுதியான அன்றே கணவனுக்கும் மனைவிக்கும் சேர்த்துப் பரிசோதனை செய்ய ஆணையிடுங்கள்.

பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கும் காத்திருப்பு அறைகள் நல்ல ஏற்பாடு. இரவில் யானை நிற்கும் பாதையில் வலியோடு நடப்பதைவிட ஒரு வாரம் முன்பே வந்துவிடுவது எவ்வளவோ மேல். ஆனால் வீட்டில் மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு எவள் வருவாள்? பிள்ளையும் அவளுடைய அம்மாவும் கூடத் தங்க இடம், தாங்களே சமைத்துக்கொள்ள ஓர் அடுப்பு, துணைக்கு வந்தவர் இழக்கும் கூலிக்கு ஈடு, இவை இருந்தால் அறைகள் நிரம்பும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், விரும்பிய துணை பக்கத்தில் இருக்கவும் விரும்பிய நிலையில் பிள்ளை பெறவும் பெண்ணுக்கு இடம் தரச் சொல்கின்றன. பிரசவ அறைக்குள் ஒரு பாட்டியை அனுமதிக்க நாம் இன்னும் தயங்குகிறோம்.

வரும் மானியக் கோரிக்கையில் கூடலூர், பந்தலூர் வட்டங்களுக்காவது இந்த ஏற்பாடுகளை அறிவியுங்கள். திட்டத்தை எழுதும் முன் அந்தப் பெண்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கூட்டத்தை உதகையில் வைத்தால் அவர்கள் வர முடியாது, கூடலூரிலேயே வையுங்கள். காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து, நாலு மணிக்குள் அனுப்பிவிடுங்கள், இருட்டுவதற்குள் அவர்கள் வீடு போய்ச் சேர வேண்டும். வந்தவர்களுக்கு அன்றைய கூலியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

கூடலூர் வட்டத்தில் பணியாற்றிய
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்