ஆளற்ற நிலமும் அச்சுக்கல்லின் வண்ணமும்

புகைப்படக் கருவி பொய் சொல்லாது என்போர் இன்றும் நம்மிடையே உளர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பெற்ற அமெரிக்கக் காட்சிப் படங்களைக் காணுமிடத்து இவர்தம் வியப்புக் கரைபுரள்கின்றது. அன்றைய அமெரிக்கா அப்படியே கண்முன் நிற்கின்றதாம்! அமெரிக்காவைப் பயணிகளுக்கு விற்ற கம்பனிகளின் சரக்குப் பட்டியலே கண்முன் நிற்கின்றது என்பது எமது வாதம்.

இத்தகைய படங்களைப் பெருந்தொகையாக வெளியிட்டது டெட்ரொயிற் பப்ளிஷிங் கம்பனி. 1897இல் வில்லியம் ஹென்றி ஜாக்சன் தமது ஆயிரக்கணக்கான நெகற்றிவ் தகடுகளுடன் அதிற் சேர்ந்தார். 1871இல் யெலோஸ்ரோன் பகுதியைப் படமெடுத்துப் புகழ்பெற்ற இவர், பின்னர் புகையிரதக் கம்பனிகளுக்காக அவற்றின் பாதையோரக் காட்சிகளை எடுத்துக் கொடுத்தவர். பாதை போட்டவனுக்குப் பயணி தேவை. பயணிக்குக் காட்சி தேவை.

வண்ணத்தைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். பலரும் மயங்குவது இதிலேதான். ‘போட்டோகுறோம்’ எனப்பட்ட இம்முறை சுவிற்சர்லாந்திலிருந்து வந்தது. மூலம் கறுப்பு வெள்ளைத் தகடே. நிறத்துக்கு ஒரு கல்லாகப் பல, சில வேளைகளிற் பத்துக்கு மேற்பட்ட அச்சுக்கற்கள் ஆயத்தஞ் செய்யப்பட்டன. பாறையின் செம்மையும் வானின் நீலமும் அச்சுக்கூடத்திலேயே உருவாயின. அங்கு உழைத்தவன் அப்பாறையை வாழ்நாளிற் கண்டிருக்க வேண்டியதில்லை. அவனது கைத்திறனை யாம் இகழவில்லை; அதனை இயற்கையின் வாக்குமூலமாக ஏற்கவே மறுக்கின்றோம்.

இனி, அரிசோனாவின் கிராண்ட் கன்யன் பெரும்பள்ளத்தாக்கை நோக்குவோம். 1901இல் சான்ரா பே புகையிரதப் பாதை அதன் தென்விளிம்பை எட்டியது. 1905இல் அங்கே எல் தோவார் ஹோட்டலும், அதனருகே ‘ஹோப்பி இல்லம்’ என்னும் விற்பனைக்கூடமும் திறக்கப்பட்டன. கிழக்கேயுள்ள தம் ஊர்களிலிருந்து வந்த ஹோப்பிக் கைவினைஞர் அங்கேயே தங்கி, பயணிகள் காணத் தொழில் செய்தனர், மாலையில் ஆடினர். ஆனால், அப்பள்ளத்தாக்கினுள்ளேயே தலைமுறை தலைமுறையாகத் தோட்டஞ் செய்த ஹவாசுப்பாய் மக்களின் கதி யாது? 1919இல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 1928 அளவில் அவர்களுள் எஞ்சியோரும் அத்தோட்டத்தினின்று வெளியேற்றப்பட்டனர். 1975இலேயே அவர்தம் பழைய நிலத்தின் ஒரு பகுதி சட்டப்படி மீண்டது. ‘மனிதக் காலடி படாத பெருவெளி’ என்று நம்மவர் உருகும் படங்களுக்குப் பின்னால் இவ்வரலாறு கிடக்கின்றது.

எட்வேட் கேட்டிஸ் வேறு வகையினர். பூர்வகுடிகளைப் படமெடுக்க 1906இல் நிதியளித்தவர் பெருமுதலாளி ஜே. பி. மோர்கன். 1910இற் பீகன் குடிலொன்றில் எடுத்த படத்தில் இருவருக்கிடையே ஒரு கடிகாரம் இருந்தது. நூலில் வெளிவந்தபோது அதனைக் காணோம், அழித்துவிட்டனர். மறைந்துகொண்டிருக்கும் இனத்தவனுக்கு நேரம் பார்க்க என்ன உரிமை!

ஒன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். விற்பனைக்கென எடுத்த படத்திலும் வாழ்வு சில வேளை தானே புகுந்துவிடுகின்றது. 1900 அளவில் நியூயோர்க் மல்பெரி வீதியில் டெட்ரொயிற் கம்பனி எடுத்த படம் அத்தகையது. இத்தாலியக் குடியேறிகளின் தெரு அது. காய்கறி வண்டிகள், சிறுவர், தொழிலை நிறுத்திக் கருவியை உற்றுநோக்கும் ஆடவர் என வீதி நிரம்பி வழிகின்றது. படத்தின் தலைப்பில் வீதியின் பெயர் உண்டு. அங்கு நின்றோருள் ஒருவர் பெயரும் இல்லை.